மனு கொடுத்தது சங்கத்துக்கு... போய்ச் சேர்ந்தது மேஸ்திரி கைக்கு!

காலை மணி 5.45 இருக்கும். முந்தின ராத்திரி ஒரு செல்போன் கடையில் பூட்டை உடைத்த விஷயமாக விவரம் சேகரிக்கப் போயிருந்தேன். பக்கத்திலேயே துப்புரவுத் தொழிலாளர்கள் மஸ்டருக்கு வரிசையில் நின்றார்கள். பெரும்பாலும் பெண்கள்.

மேஸ்திரி வந்தார். கையில் வருகை நோட்டு இல்லை. ஒரு ஜெராக்ஸ் காகிதம்தான் இருந்தது. அதைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசித்தார். மொத்தம் 23 பெயர்கள்.

"பேரு வாசிச்ச ஆளுக எல்லாம் இப்படி வந்து நில்லுங்க. சங்கம் வெக்கறீங்களாமே? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லை!"

யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு அம்மாள் மட்டும் தலையில் கட்டிய துணியை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டார்.

அந்த வாரம் முடிவதற்குள் 23 பேரில் 2 பேர் ஊரின் அடுத்த கோடிக்கு மாற்றப்பட்டார்கள். தலைத்துணியை உதறிய அம்மாளிடம் "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். காரணம்? ஆள் அதிகமாம்!

எந்த ஊர், எந்த கான்டிராக்டர் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் மீதி 20 பேருக்கும் அதே கதிதான். திருப்பூர், அவினாசி, பல்லடம், காங்கயம் என்று நீளுகிற இந்தப் பனியன் வட்டாரத்தில் ஏதோ ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேஸ்திரி மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. அவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர். அந்தக் காகிதம் அவர் கைக்கு எப்படி வந்தது? அதுதான் என் கேள்வி.

காகிதம் போன பாதை

வேலை போன அம்மாளை இரண்டு நாள் கழித்து வீட்டில் பார்த்தேன். கட்டிங் வேஸ்ட் பிரிக்கிற குடோனுக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"குறைதீர்க்கிற கூட்டத்துல குடுத்தா நாயம் கெடைக்கும்னு சொன்னாங்க கண்ணு. பக்கத்து வீட்டுப் பையன் எழுதிக் குடுத்தான். எங்களுக்கு ஒரு சங்கம் வேணுமுங்கன்னு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. எனக்குக் கையெழுத்து வராது, கைநாட்டு வெச்சேன். நம்பர் போட்டு ரசீதுகூடக் குடுத்தாங்களே!"

ரசீது உண்மைதான். நானே பார்த்தேன்.

மனு வாங்கிய இடத்தில் "உரிய நடவடிக்கைக்கு" என்று எழுதி உள்ளாட்சி ஆபீசுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த கிளார்க் "விளக்கம் கேட்டு" கான்டிராக்டருக்கு அனுப்பினார். கான்டிராக்டர் ஒரு ஜெராக்ஸ் எடுத்து மேஸ்திரியிடம் கொடுத்தார். ஒருவரும் விதியை மீறவில்லை! ஒவ்வொருவரும் தன் மேஜை காலியானால் போதும் என்று அடுத்த மேஜைக்குத் தள்ளினார்கள். 23 ஏழைகளின் பெயர்கள், யாருக்குத் தெரியக்கூடாதோ அவருக்கே சர்க்கார் செலவில் தபாலில் போய்ச் சேர்ந்தன.

தெருவிளக்கு எரியவில்லை என்ற மனுவுக்கும், சங்கம் வைக்கிறோம் என்ற மனுவுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரே தபால் பையில் போட்டால் இப்படித்தான் ஆகும்.

போக வேண்டிய வாசல் வேறு

சங்கம் வைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கமிஷனரிடமும் இல்லை, கலெக்டரிடமும் இல்லை, கான்டிராக்டரிடம் இல்லவே இல்லை. அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு கொடுத்த உரிமை அது. சர்க்காரிடம் கேட்பது பதிவு மட்டும்தான். அந்த மனுவை வாங்க வேண்டியவர் தொழிலாளர் துறையைச் சேர்ந்த தொழிற்சங்கப் பதிவாளர்.

7 பேர் சேர்ந்து மனு போடலாம். 1926-ம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்தில் இருந்த எண்ணிக்கை இது. அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2025 நவம்பர் 21-ந் தேதி முதல் அதன் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. ஆனாலும் 7 பேர் என்பது மாறவில்லை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 7 பேர் என்பது மனுவில் கையெழுத்துப் போட. சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டியது அங்கே வேலை செய்கிறவர்களில் 10 சதவீதம், அல்லது 100 பேர். இரண்டில் எது குறைவோ அது. 400 பேர் வேலை பார்த்தால் 40 உறுப்பினர் வேண்டும். 1,500 பேர் என்றால் 150 தேவையில்லை, 100 போதும். 50 பேர்தான் என்றால் 5 பேரை வைத்து ஆரம்பிக்க முடியாது, குறைந்தது 7. 2001-ல் செய்த திருத்தத்தில் வந்த கணக்கு இது. புதுச் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது.

மனுவோடு சங்கத்தின் விதிப்புத்தகம் வைக்க வேண்டும். சங்கத்தின் பெயர் என்ன, நோக்கம் என்ன, சந்தாப் பணம் எதற்குச் செலவாகும், நிர்வாகிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது, கணக்கு யார் பார்ப்பது, கலைத்தால் பணம் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நிர்வாகிகளின் பெயர், வயது, முகவரி, தொழில் எல்லாம் எழுத வேண்டும். கொடுத்த மனுவின் நகலில் சீல் வாங்கிக்கொள்வது நல்லது. சீல் இல்லாத நகல் பொட்டலம் கட்டத்தான் ஆகும்.

கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் இதையெல்லாம் எங்கே போய் எழுதுவார்கள் என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. அதற்காகத்தான் பலர், ஏற்கெனவே பதிவாகி இருக்கிற உள்ளாட்சி ஊழியர் சங்கம் ஏதாவது ஒன்றில் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். கொடி என்ன கலர் என்று பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அது அவரவர் இஷ்டம்.

கிளார்க்குகள் கவனிக்க!

"நாங்களும் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர்கள்தானே, நாங்களும் 7 பேர் சேர்ந்து பதிவு செய்யலாமா?" என்று தாலுகா ஆபீஸ் நண்பர் ஒருவர் கேட்டார்.

முடியாது சார்!

1960-களின் தொடக்கத்தில் இதே கேள்வி சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது. தமிழ்நாடு கெசட்டட் அல்லாத அரசு அலுவலர்களின் சங்கம், தன்னைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்யும்படி கேட்டது. பதிவாளர் மறுத்தார். வழக்கு நடந்தது. தாசில்தாரும் சப்-மாஜிஸ்திரேட்டும் டிரஷரி ஊழியரும் செய்வது ஆட்சி வேலை, அது தொழில் அல்ல, அவர்கள் தொழிலாளர்களும் அல்ல என்று கூறி ஐகோர்ட்டும் கைவிரித்துவிட்டது.

அதனால் அரசு ஊழியர்கள் வைத்திருப்பது சர்வீஸ் சங்கம். சர்க்காரிடம் மனுப்போட்டு அங்கீகாரம் வாங்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத சங்கத்தில் சேர்ந்தாலே குற்றம் என்று மத்திய சர்க்கார் ஒரு விதி வைத்திருந்தது. 1962-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த விதியை அடித்து நொறுக்கியது. ஆகவே சேரலாம். வேலைநிறுத்தம் என்று வந்தால்தான் ஆபத்து.

2003 ஜூலையை மறக்க முடியுமா? எனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. ஆனால் எந்த ஆபீசுக்குப் போனாலும் யாராவது ஒருவர் அந்தக் கதையைச் சொல்கிறார். சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரேயடியாக டிஸ்மிஸ்! ஆகஸ்டு 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வந்தது. அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்டப்படியும் உரிமை இல்லை, தார்மீகப்படியும் உரிமை இல்லை என்றது. பெரும்பாலானவர்கள் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள்.

ஆனால் நகராட்சி கதை வேறே! கல்கத்தா பக்கத்தில் பட்ஜ் பட்ஜ் என்று ஒரு நகராட்சி. அங்கே ஒரு ஹெட் கிளார்க்கையும் ஒரு சானிட்டரி இன்ஸ்பெக்டரையும் வேலையை விட்டு நீக்கினார்கள். விஷயம் டிரிபியூனலுக்குப் போய், 1950-களின் தொடக்கத்தில் சுப்ரீம் கோர்ட்டு வரை வந்தது. "நாங்கள் உள்ளாட்சி, தொழிற்சாலை அல்ல" என்று நகராட்சி வாதாடியது. எடுபடவில்லை. 1978-ல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் இடம்பெற்ற 7 நீதிபதிகள் பெஞ்ச், பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் இதை இன்னும் விரிவாகவே சொல்லிவிட்டது.

வேடிக்கையைப் பாருங்கள். நகராட்சி ஹெட் கிளார்க் தொழிலாளி. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் தாலுகா ஆபீசில் அதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து அதே மாதிரி பைல் கட்டுகிறவர் தொழிலாளி அல்ல!

புதுச் சட்டம் அரசின் இறையாண்மைப் பணிகளை "தொழில்" என்ற வார்த்தையிலிருந்து ஒதுக்கி வைத்திருக்கிறது. காதர்பேட்டை சந்தில் குப்பை அள்ளுவது எந்த ராஜாவின் இறையாண்மை? இந்த வாதத்தை யாராவது எடுத்து வந்தால் நமது வக்கீல்கள் சும்மா விடக்கூடாது.

(ஒரு போலீஸ்காரரும் இதே கேள்வியை என் காதில் மெதுவாகக் கேட்டார். அவருக்கு 1966-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். தொழிற்சங்கத்தில் சேரவே சர்க்கார் அனுமதி வேண்டும். "அப்ப நான் உங்ககிட்ட ஒண்ணும் கேக்கலை தம்பி" என்று தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார்.)

சான்றிதழ் வரும் வரை யார் காவல்?

மனு போட்ட நாளுக்கும் சான்றிதழ் கைக்கு வரும் நாளுக்கும் நடுவில் இருக்கிற காலம்தான் பொல்லாத காலம். பெயர்கள் வெளியே வந்துவிடும். ஆனால் சங்கம் இன்னும் பிறந்திருக்காது. 1926-ம் ஆண்டுச் சட்டத்தில் இத்தனை நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. 99 வருடம் அப்படியே ஓட்டிவிட்டார்கள்!

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் தொழிற்சாலையில் நடந்தது ஊருக்கே தெரியும். 2024-ல் சங்கத்தைப் பதிவு செய்ய மனு போட்டார்கள். சங்கத்தின் பெயரில் கம்பெனி பெயர் இருக்கக்கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. பதிவு இழுத்தடித்தது. செப்டம்பர் 9-ந் தேதி வேலைநிறுத்தம் தொடங்கி அக்டோபர் நடுவில்தான் முடிந்தது. ஐகோர்ட்டு வரை போய், 2025 ஜனவரி 27-ந் தேதிதான் பதிவு ஆனது. அவர்கள் நிரந்தரத் தொழிலாளிகள், படித்த பையன்கள், பின்னால் பெரிய சங்கம் நின்றது. அவர்களுக்கே இந்தப் பாடு! தினக்கூலிக்கு ரோடு கூட்டுகிற ஒரு அம்மாளால் 7 மாதம் தாக்குப்பிடிக்க முடியுமா?

சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலையை விட்டு நிறுத்துவது நியாயமற்ற தொழிலாளர் நடவடிக்கை என்று சட்டம் சொல்லத்தான் சொல்கிறது. "சங்கத்தில் சேர்ந்ததற்காக நிறுத்துகிறேன்" என்று எந்த மேஸ்திரி எழுதிக் கொடுப்பார்? ஆள் அதிகம் என்பார். டெண்டர் முடிந்தது என்பார்.

டெண்டர் விஷயம் இன்னும் மோசம். கான்டிராக்டர் மாறினால் அதே துடைப்பம், அதே தெரு, அதே ஆள். ஆனால் சர்வீஸ் மட்டும் முதல் நாளிலிருந்து ஆரம்பம். ஆகையால் சங்கத்துக்குக் கான்டிராக்டர் பெயரை வைக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். ஊர் பெயரையும் தொழில் பெயரையும் வையுங்கள். ஊர் முழுக்க ஆள் சேர்க்க வேண்டிவரும், கஷ்டம்தான். 100 பேர் சேர்ந்துவிட்டால் எந்த சதவீதக் கணக்கும் மடங்கிவிடும். கான்டிராக்டர் போனாலும் சங்கம் போகாது.

2025 ஆகஸ்டில் சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் துப்புரவுத் தொழிலாளர்கள் ரிப்பன் கட்டிட வாசலில் உட்கார்ந்தது இதே பயத்தில்தான். வேலையைத் தனியாரிடம் கொடுக்கிறார்கள் என்று 13 நாள் மழையிலும் வெயிலிலும் கிடந்தார்கள். 13-ந் தேதி நள்ளிரவில் போலீசார் அப்புறப்படுத்தினார்கள்.

மெம்பிசும் திருப்பூரும்

அமெரிக்காவில் மெம்பிஸ் என்று ஓர் ஊர். 1968 பிப்ரவரியில் மழைக்கு ஒதுங்கிய இரண்டு குப்பைத் தொழிலாளிகளை லாரியின் நசுக்கும் இயந்திரம் இழுத்து நசுக்கிக் கொன்றது. சுமார் 1,300 கறுப்பினத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். சம்பளத்தோடு அவர்கள் கேட்டது சங்கத்துக்கு அங்கீகாரம். மேயர் முடியவே முடியாது என்றார். ஆதரவு தர வந்த மார்ட்டின் லூதர் கிங்கை ஏப்ரல் 4-ந் தேதி அந்த ஊரில்தான் சுட்டுக்கொன்றார்கள். ஏப்ரல் 16-ந் தேதி அங்கீகாரம் கிடைத்தது. ஒரு கையெழுத்துக்கு அத்தனை விலை!

நம் ஊருக்கு இதெல்லாம் புதிதா? 1984-ல் பஞ்சப்படி கேட்டு பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. அன்று கடைக்காரர்கள் கடன் கொடுத்து மாளவில்லை என்று குமரன் ரோட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பழக்கத்தில்தான் இன்றைக்கும் சம்பள ஒப்பந்தம் என்று வந்தால் முதலாளிகள் சங்கம் ஒருபுறம், தொழிற்சங்கங்கள் ஒருபுறம் என்று மேஜை போட்டு உட்காருகிறார்கள். கட்டிங் மாஸ்டருக்கும் டெய்லருக்கும் அந்த மேஜையில் பேச ஆள் இருக்கிறது. அந்தக் கம்பெனி வாசலில் விழும் நூலையும் துணித்துண்டையும் விடிவதற்குள் கூட்டி அள்ளுகிற அம்மாளுக்கு ஒரு ஸ்டூல்கூட இல்லை.

2025-ல் பாறைக்குழியில் குப்பை கொட்டக்கூடாது என்று சுற்றுக் கிராமத்து மக்கள் கொதித்தபோது எல்லோரும் குப்பையைப் பற்றிப் பேசினார்கள். அள்ளுகிறவரைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. நானும் எழுதவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது கேட்கிறேன். சங்கம் சம்பந்தமான மனு எந்தக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வந்தாலும் அதை நேராகத் தொழிலாளர் துறைக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். உள்ளாட்சிக்கும் கான்டிராக்டருக்கும் நகல் போகக் கூடாது. ஒரு சர்க்குலர் போட எத்தனை நேரம் ஆகும்? உறுப்பினர்கள் உண்மையில் வேலை செய்கிறார்களா என்று சரிபார்க்க வேண்டுமா? பி.எப்., இ.எஸ்.ஐ. நம்பரை வைத்து ஆபீசிலேயே பார்க்கட்டும். பெயர்ப்பட்டியலைக் கான்டிராக்டரிடம் கொடுத்து "இவர்கள் உம்முடைய ஆட்களா?" என்று கேட்பது, திருட்டுக் கேசில் சாட்சியின் வீட்டு விலாசத்தைத் திருடனிடம் கொடுப்பது மாதிரி. மனு வாங்கிய நாளிலிருந்து எத்தனை நாளில் முடிவு சொல்வோம் என்பதையும் பதிவாளர் ஆபீஸ் வாசலில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டட்டும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும், அப்பீல் போகலாம்.

கான்டிராக்டர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். பில் மாதக்கணக்கில் நிற்கிறதாம், சங்கம் வந்தால் தினமும் தகராறாம். பில் நிற்பது அநியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். அந்த பில்லுக்காக அவர்கள் நாலு பேர் சேர்ந்து மனுக்கொடுக்கப் போவதில்லையா? அது சங்கம் இல்லாமல் வேறு என்ன?

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த 20 பேரில் 14 பேர் மறுபடி கூடினார்கள். மீதி 6 பேர் வரவில்லை. பயம். யாரும் அவர்களைக் குறை சொல்லவில்லை. பக்கத்து வார்டுகளிலிருந்து புதிதாக 30-க்கு மேல் வந்திருந்தார்கள். இந்தத் தடவை முறையான படிவம், விதிப்புத்தகம் எல்லாம் தயார். ஒரு வக்கீல் காசு வாங்காமல் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நிர்வாகிகள் பெயர் எழுதும்போது பிரச்சினை வந்தது. வேலை போன அம்மாளைச் சேர்க்கலாமா? சேர்க்கலாம். வேலையில் இல்லாதவர்களுக்கும் நிர்வாகத்தில் ஓரளவு இடம் உண்டு என்றார் வக்கீல். அம்மாளைப் பொருளாளர் ஆக்கலாம் என்று ஒரு பெண் சொன்னார். கைநாட்டு வைக்கிறவர் பொருளாளரா என்று பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அந்த அம்மாள் எழுந்து நின்றார்.

"கையெழுத்துதான் வராதுங்க. காசு எண்ணத் தெரியும். இந்த வாட்டி அந்தக் காயிதத்த என்ற கையில குடுங்க, நானே கொண்டு போயி அந்த ஆபீசுல குடுத்துட்டு சீல் வாங்கியாறேன்."